ஆறு நாள் முறையும் நாலு நாள் மண்ணும்: கல்லல் பக்கத்துக் கடலைக் காடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிவகங்கை மாவட்டத்தில் கல்லலுக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் ஒரு ஊர். ஊர்ப்பேரும் ஆள்பேரும் வேண்டாம் என்று அந்தக் குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள், அதனால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். நிலம் இரண்டு ஏக்கர். மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்து, கண்மாயின் உள்வாய் (தண்ணீர் நிற்கும் பக்கம்) ஓரத்தில் போய் முடிகிறது. மேல் ஏக்கர் செம்புராங்கல் சரளை. இந்தப் பக்கம் கிணற்றுக்கும் சுற்றுச்சுவருக்கும் வெட்டி எடுத்த அதே கல்லின் உடைசல்தான் மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடக்கிறது. கீழ் ஏக்கர் அப்படியில்லை. காலங்காலமாக மேலேயிருந்து கரைந்து வந்த மண் படிந்து, களி கலந்த வண்டலாக இருக்கிறது. வரப்பு நடுவில் இருந்தாலும் பட்டா ஒன்று, பயிர் ஒன்று, தண்ணீர் கட்டுகிற பழக்கமும் ஒன்று.

நிலத்துக்காரர் அறுபது தாண்டியவர். மகன் வெளிநாட்டில் இருக்கிறார், காட்டைப் பார்ப்பது மருமகள். ஆழ்துளைப் போர் ஒன்றுதான், அது மூன்று பங்காளி வீட்டுக்கும் பொது. முறை எப்படியென்றால் ஆளுக்கு இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டிக்கொள்ளலாம், அப்புறம் நாலு நாள் மற்ற இருவருக்கு. ஆக ஆறு நாளுக்கு ஒரு சுற்று. இது பெரியவரின் அப்பா காலத்தில் கிணற்றுக்குப் போட்ட முறை. கிணறு தூர்ந்து, போர் போட்டு, அந்தப் போரையும் ஒரு தடவை ஆழப்படுத்திவிட்டார்கள். முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

மழை இங்கே ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடித்துவிடும். தை பிறந்ததும் நிலக்கடலை போட்டார்கள். விதைத்த அன்று ஒரு நனைப்பு, நாலைந்து நாளில் உயிர்த்தண்ணீர், பிறகு முறைப்படி. முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. மாசி பாதி தாண்டியதும் மேல் ஏக்கரில் செடி பகலில் சுருண்டது, கீழ் ஏக்கரில் இலை வெளுத்தது. போன வருடமும் இதே காட்டில் இதே மாதிரி ஆகி, பறிக்கும்போது மேல் பாதியில் பருப்பில்லாத பொக்குக் கடலை அதிகம் என்று மருமகள் சொன்னார். ஒரு மருந்துக் கடையில் கேட்டு நுண்ணூட்டக் கலவையும் பூஞ்சான மருந்தும் வாங்கி, இரண்டையும் இரண்டு ஏக்கருக்கும் அடித்திருந்தார்கள். மாற்றம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதலில் கண்டது

நான் போனது முறை முடிந்த நாலாம் நாள், உச்சி வெயில். மேல் ஏக்கர் முழுக்கச் செடி துவண்டு கிடந்தது. உச்சி வெயிலில் துவளுவதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஈரம் இருந்தாலே கூட, வேர் இழுக்கிற வேகத்தை விட இலை ஆவியாக்குகிற வேகம் கூடும்போது செடி கொஞ்சம் தளரும், வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். காலையில் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. கடலை இலை இரவில் தானாக மடியும், ஆகவே விடியற்காலையில் பார்த்து ஏமாறக் கூடாது, வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். மருமகளிடம் கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது: "மூணாம் நாள் சாயங்காலம் நிமிந்துரும். அஞ்சாம் நாள் காலையிலயே சோந்துதான் நிக்கும்."

இந்த ஒரு பதில் எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. தண்ணீர் கட்டி நாலு நாளில் வேருக்கு எட்டுகிற ஈரம் தீர்ந்துபோகிறது, அடுத்த தண்ணீர் வர இன்னும் நாள் இருக்கிறது.

கீழ் ஏக்கரில் வேறு கதை. செடி துவளவில்லை, ஆனால் வெளிறிய மஞ்சள். ஒன்றைப் பிடுங்கி வேர் முடிச்சுகளை நகத்தால் கீறிப் பார்த்தோம். நன்றாக வேலை செய்கிற முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். இவை பெரும்பாலும் பழுப்பு, சில பச்சை. மேல் ஏக்கரில் பிடுங்கிய செடியில், இத்தனை வாட்டத்திலும், சிவப்பு முடிச்சு இருந்தது. அப்படியென்றால் கீழே வேருக்குக் காற்று போகவில்லை, காற்றில்லாமல் முடிச்சு தழைச்சத்தைப் பிடித்துத் தரவில்லை, அந்தப் பசிதான் மஞ்சளாகத் தெரிகிறது. ஒரே காட்டில் மேலே தாகம், கீழே மூச்சுமுட்டல். இரண்டுக்கும் ஒரே மருந்தை அடித்தால் என்ன ஆகும்.

குழி தோண்டியது

அடுத்த முறை முடிந்த மறுநாள் திரும்பப் போனேன். தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுத் தோண்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய துளைகளில் நிற்கும் நீர் தானாக வடிந்துபோய், மண் தன் பிடியில் வைத்துக்கொள்கிற நீர் மட்டும் அப்போதுதான் மிஞ்சும். புத்தகத்தில் வயல் கொள்திறன் என்று எழுதியிருப்பது இந்த நிலையை. இதற்குக் கீழ் எல்லை வாடல் நிலை. மண்ணில் கொஞ்சம் நீர் ஒட்டிக்கொண்டு இருக்கும், ஆனால் வேரால் பிடுங்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பயிருக்கு உரிய தண்ணீர். மற்றதெல்லாம் நாம் இறைத்த தண்ணீர், பயிர் குடித்த தண்ணீர் இல்லை.

மேல் ஏக்கரில் மம்பட்டி கொஞ்ச தூரம்தான் இறங்கியது, பிறகு கடப்பாரை. முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் இறுகிய சரளைத் தட்டு ஒன்று வந்தது, கடப்பாரை பட்டால் 'ணங்'கென்று சத்தம். கடலையின் ஆணிவேர் அதுவரை நேராக வந்து, தட்டைத் தொட்டதும் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. குழியின் சரிவுப் பக்கத்துச் சுவரில், தட்டுக்குச் சற்று மேலே, ஈரம் கசிந்து மினுமினுத்தது. மேலே கட்டிய தண்ணீரில் ஒரு பங்கு தட்டின் மேலேறி வழுக்கிக் கீழ் ஏக்கருக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை அங்கே கண்ணாலேயே பார்க்க முடிந்தது. பெரியவர் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாம கட்டுறது நமக்கே கீழ வருது" என்றார். உண்மைதான், ஆனால் கீழே அது தேவையில்லாத இடத்துக்கு வருகிறது.

குழியிலிருந்து ஒரு வாளி மண் எடுத்துக் காயவைத்துச் சல்லடையில் சலித்தோம். கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கல் மிஞ்சியது. கல் தண்ணீர் பிடிக்காது. சலித்த மண்ணை நனைத்து உருட்டினால் உருண்டை நிற்கிறது, விரலிடுக்கில் நாடாவாக இழுத்தால் உடனே உடைகிறது. மணல் கலந்த வண்டல்.

கீழே ஐம்பது சென்டிமீட்டர் வரை மம்பட்டியே போதுமாக இருந்தது. மண்ணைப் பிடித்தால் கையில் ஒட்டியது, நாடா நீளமாக வந்தது. குழியை விட்டுவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் அடியில் தண்ணீர் ஊறி நின்றது. மாசியில் கண்மாயில் இன்னும் தண்ணீர் கிடந்தது, உள்வாய்க் கசிவும் சேர்ந்திருக்கும்.

கணக்கு

கணக்கு பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் போட்டுப் பார்க்காமல் பங்காளிகளிடம் பேச முடியாது என்று தோன்றியது.

மணல் கலந்த வண்டல் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்குத் தரும். இங்கே வேர் ஆழம் 30 சென்டிமீட்டர், ஆக 30 மில்லிமீட்டர். அதில் கல்லுக்கு மூன்றில் ஒன்றைக் கழித்தால் 20. கடலை இலை மூடிய பிறகு, மாசி பங்குனி வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் குடிக்கும். நாலு நாளில் எல்லாம் தீர்ந்துவிடும். மருமகள் சொன்ன ஐந்தாம் நாள் காலை இதோடு அப்படியே பொருந்துகிறது. அதுவும் கடைசிச் சொட்டு வரை பயிர் சிரமமில்லாமல் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால்தான். பயிருக்குச் சிரமம் தொடங்குவது அதற்கு முன்பே. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998-ல் தந்த அளவுகளில் கடலைக்கு இருப்பில் பாதி தீர்ந்தால் தண்ணீர் கட்ட வேண்டும். வாழைக்கு 35 விழுக்காட்டிலேயே கட்ட வேண்டும், குடைமிளகாய்க்கு 30. பாதி என்றால் மேல் ஏக்கருக்கு 10 மில்லிமீட்டர், அதாவது இரண்டே நாள்.

கீழ் ஏக்கர்: களி வண்டல் மீட்டருக்குச் சுமார் 170, வேர் அரை மீட்டர், ஆக 85 மில்லிமீட்டர். பாதி தீரவே எட்டு நாள் ஆகும். கசிவு வேறு சேர்கிறது.

முதல் மாதம் ஏன் தெரியவில்லை என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. சின்னச் செடி ஒரு நாளைக்கு 2 மில்லிமீட்டர்தான் குடிக்கும், ஆறு நாளுக்கு 12, மேல் ஏக்கரின் இருப்பு 20. முறையும் மண்ணும் அதுவரை ஒத்துப்போயின. இலை மூடியதும் பிரிந்தன.

அடுத்து போர். 200 லிட்டர் பீப்பாய் 40 விநாடியில் நிறைந்தது, மணிக்கு 18,000 லிட்டர். மும்முனை மின்சாரம் நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 1,26,000 லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 4,000 லிட்டர். முதல் நாள் முழுக்க மேல் ஏக்கருக்கு, மறுநாள் முழுக்கக் கீழ் ஏக்கருக்கு என்று கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏக்கருக்கு 31 மில்லிமீட்டர் விழுகிறது. ஆறு நாள் தேவை 30. ஆக மொத்தத்தில் தண்ணீருக்குக் குறைவே இல்லை! மேல் ஏக்கரால் 20-க்கு மேல் பிடித்து வைக்க முடியாது என்பதுதான் இடிக்கிறது, மீதி 11 வழிந்து ஓடுகிறது. விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருப்பதால் இந்த 11 யார் பையிலும் செலவாகத் தெரிவதில்லை.

பெரியவர் கடைசி வரை "இன்னொரு போர் போடலாமா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முறையை மாற்றாமல் இன்னொரு போர் போட்டால் இந்த 11 இன்னும் கூடும், அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகள்

முதலாவது, முறையை உடைப்பது. இரண்டு நாள் ஓட்டி நாலு நாள் விடுவதற்குப் பதில் ஒரு நாள் ஓட்டி இரண்டு நாள் விடுவது. மூன்று வீட்டுக்கும் பங்கு மாறாது, சுற்று மட்டும் ஆறிலிருந்து மூன்றாகும். மேல் ஏக்கருக்கு இரண்டு நாள் சுற்று இன்னும் நல்லது, அது கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தது. மூன்று நாளில் 15 தீரும், 5 மிஞ்சும். பாதிக்கும் கீழே போகிறது, ஆனால் வாடல் நிலையைத் தொடாது.

பங்காளிகளில் ஒருவர் உடனே ஒத்துக்கொண்டார். இன்னொருவர், வயதில் இளையவர், காரைக்குடியில் வேலைக்குப் போகிறவர், மறுத்தார். அவர் சொன்ன காரணம் நியாயமானது. தண்ணீர் கட்டும் ஆள் தொடர்ந்து இரண்டு நாள் வேலை என்றால் வருகிறார், ஒற்றை நாளுக்கு வரமாட்டார். மில்லிமீட்டர் கணக்கெல்லாம் இங்கே எடுபடவில்லை. மருமகள்தான் முடித்துவைத்தார்: "நீங்க ஆள் தேட வேணாம் தம்பி, ஒங்க முறைக்கும் மடையை நானே திருப்பி விடுறேன்." கடலை பறிக்கிற வரைக்கும் என்று பேச்சு.

இரண்டாவது, மேல் ஏக்கரில் வாய்க்கால் பாசனத்தை நிறுத்துவது. சரளை மண்ணில் பாத்தி வழியாக 15 மில்லிமீட்டர் மட்டும் கட்டுவது நடக்காத காரியம். தலைப்பாத்தி குடித்து முடிப்பதற்குள் கடைப்பாத்திக்கு எட்டாது, எட்டும்படி விட்டால் தலைப்பாத்தியில் இரட்டிப்பாக இறங்கிவிடும். உறவுக்காரர் வீட்டுக் கொட்டகையில் சும்மா கிடந்த தெளிப்பான் குழாய்களை இரவல் வாங்கிப் போட்டோம். புதிதாக வாங்குவதென்றால் சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்தில் முழு மானியம் இருக்கிறது, ஆனால் அந்தக் காகித வேலை முடிவதற்குள் கடலை பறித்துவிடுவோம்.

தெளிப்பானுக்கு இன்னொரு காரணமும் இருந்தது, எனக்கு அது முதல் காரணத்தை விடப் பெரிது. கடலைக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாக வாங்குவதில்லை, தன்னைச் சுற்றியிருக்கும் மேல் மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகிறது. அந்த ஐந்து பத்து சென்டிமீட்டர் காய்ந்து கிடந்தால் ஏக்கருக்கு அந்தச் சத்துக்காக எத்தனை மூட்டை ஜிப்சம் போட்டாலும் கரைந்து காய்க்குள் போகாது. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகிற விழுதே இறுகிய மண்ணில் இறங்காது. போன வருடம் ஜிப்சம் போட்டும் பொக்கு விழுந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆகவே மண் அணைத்து ஜிப்சம் போட்ட கையோடு தெளிப்பானை ஓடவிட்டோம்.

மூன்றாவது, கீழ் ஏக்கரை இரண்டாகப் பிரித்து, ஒரு முறைக்கு ஒரு பாதி என்று மாற்றி மாற்றிக் கட்டுவது, கட்டும் முன் ஒரு கைப்பிடி மண்ணை ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுத்துப் பிடித்துப் பார்ப்பது. ஒட்டினால் தண்ணீர் கிடையாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருக்க வேண்டும் என்று பெரியவருக்கே தெரியும், நெல்லுக்குச் செய்திருக்கிறார். பாய்ச்சல் நாள் முறைப்படி வந்துவிடுவதால் காய்ச்சலுக்கு இடம் கொடுக்க மனம் வரவில்லை. முறைத் தண்ணீரை விட்டுவிட்டால் உரிமை போய்விடுமோ என்ற பயமும் உண்டு, பங்காளிக் கணக்கில் அது வீண் பயமும் இல்லை. அதனால் மிஞ்சுகிற மணி நேரத்தை இளைய பங்காளியின் வாழைக்கு விட்டு, ஒரு நோட்டில் எழுதிவைத்தார்கள்.

மருந்தடிப்பதை நிறுத்தினோம். மேல் ஏக்கரில் தேவையே இல்லை. கீழே தண்டழுகல் தெரிந்த இடங்களில் மட்டும் செடியைப் பிடுங்கி எரித்தார்கள்.

பிறகு நடந்தது

மேல் ஏக்கர் இரண்டாவது சுற்றிலேயே தெளிந்தது. உச்சியில் தளர்ந்தாலும் சாயங்காலம் நிமிர்ந்தது. கீழ் ஏக்கர் மெதுவாகத்தான் திரும்பியது. பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீரே கட்டவில்லை, பெரியவர் தினமும் போய் நின்று பார்த்துவிட்டு வருவாராம். புதிதாக வந்த கொழுந்து பச்சையாக வந்தது, பழைய இலை கடைசி வரை மஞ்சளாகவே இருந்து உதிர்ந்தது.

தெளிப்பானில் சில சங்கடம் இருந்தது. அழுத்தம் ஏறியதும் போரின் ஓட்டம் குறைந்து, மூன்றரை மணி நேரம் என்று போட்ட கணக்கு நாலரைக்குப் போனது. தெளிப்பான் வட்டத்துக்குள் காலி டப்பாக்களை வைத்து, விழுந்த நீரை அளவுகோலால் அளந்துதான் அதைக் கண்டுபிடித்தோம். பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பினால் பாதித் தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் போகிறது. காலை நேரத்து மின்சாரத்திலேயே முடித்தாக வேண்டும். இரவில் ஓட்டினால் காற்று இருக்காது, ஆனால் இலை விடிய விடிய நனைந்து கிடக்கும், இலைப்புள்ளி நோய்க்கு அதுவே அழைப்பு. கொஞ்சம் வந்தது, பரவவில்லை.

பங்குனி நடுவில் டிரான்ஸ்பார்மர் பழுதாகி ஐந்து நாள் மின்சாரம் இல்லை. மேல் ஏக்கர் நாலாம் நாளே படுத்துவிட்டது, காய் முற்றுகிற நேரம் வேறு. கீழ் ஏக்கருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை. மின்சாரம் வந்த அன்று முறை யாருடையது என்று ஒரு சின்னத் தகராறு வந்து, நோட்டைப் பார்த்துத் தீர்ந்தது.

சித்திரையில் பறித்தார்கள். மேல் ஏக்கரில் போன வருடத்தை விட மூட்டை கூடுதல், அதைவிட முக்கியமாகப் பருப்பு நிறைந்த காய். உடைத்துப் பார்த்தால் பொக்கு இருந்தது, ஆனால் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. டிரான்ஸ்பார்மர் போன சமயத்தில் பிடித்த கடைசிக் காய்கள் மட்டும் சுருங்கிய பருப்பு. கீழ் ஏக்கரில் மகசூல் போன வருட அளவில்தான் நின்றது. தண்டழுகல் தின்ற திட்டுகள் திட்டுகளாகவே இருந்தன. மாசியிலேயே கெட்டுப்போன வேருக்குப் பங்குனியில் செய்கிற வைத்தியம் அவ்வளவுதான் பலிக்கும்.

அடுத்த பட்டத்துக்கு மாறுவது

கீழ் ஏக்கரில் உயிர்த்தண்ணீருக்குப் பிறகு, பூ எடுக்கும் வரை, மண்ணைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு தண்ணீரும் இல்லை. உள்வாய்ப் பக்கம் ஒரு வடிகால் கீற வேண்டும், முழங்கால் ஆழம் போதும்.

கருவி வைக்கலாமா என்று வெளிநாட்டிலிருந்து மகன் கேட்டார். கீழ் ஏக்கரில் வைக்கலாம். மண்ணின் இழுவிசையை அளக்கும் டென்சியோமீட்டர் அங்கே நன்றாக வேலை செய்யும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரம் காட்டும் கருவி அதைவிட எளிது, நீலம், பச்சை என்றால் விட்டுவிடலாம், ஆரஞ்சு வந்தால் கட்டலாம், சிவப்பு என்றால் உடனே கட்ட வேண்டும். மேல் ஏக்கரில் இரண்டுமே கஷ்டம். சரளையில் குச்சி இறங்காது, இறங்கினாலும் கல்லிடுக்கில் மண்ணோடு சரியாக ஒட்டாது, காட்டுவதை நம்ப முடியாது. அங்கே நாள் கணக்கும் டப்பாவில் விழுந்த அளவும் போதும்.

மேல் ஏக்கரின் கொள்ளளவைக் கூட்ட ஒரு வழி கண்மாய் வண்டல். கோடையில் கண்மாய் வற்றியதும் விவசாயிகள் அனுமதி பெற்று இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்; வண்டிச் செலவு மட்டும் நம்முடையது. ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலக் கனத்தில் பரப்ப 100 கன மீட்டர் வேண்டும், டிராக்டரில் முப்பத்தைந்து நடை வரும். இவ்வளவு செய்தால் கூடுகிற தண்ணீர் 4 மில்லிமீட்டர்தான், ஒரு நாள் குடிநீருக்கும் கொஞ்சம் குறைவு. பெரியவருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. மூன்று நாள் முறையில் பயிர் தவிக்கிற மூன்றாம் நாளுக்கு அது போதும் என்று சொன்ன பிறகு, இந்தக் கோடையில் தலைப்பக்கத்து அரை ஏக்கருக்கு மட்டும் அடித்துப் பார்ப்பதாக முடிவு. மக்கிய குப்பையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

முறை விஷயம் இன்னும் முடியவில்லை. கடலை பறித்ததும் பழையபடி ஆறு நாள் முறைக்குத் திரும்பிவிட்டார்கள், பேச்சு அதுதானே. இளைய பங்காளி இந்தத் தடவை மறுக்கவில்லை, ஆனால் தண்ணீர் கட்டும் ஆளை வைத்துத்தான் சொல்ல முடியும் என்கிறார். மார்கழிக்குள் பேசி முடிக்க வேண்டும்.